லெஸ்லி ப்ராட்பென்ட்டின் சிரித்த முகம்

லெஸ்லி ப்ராட்பென்ட் பொதுக்கூட்டத்தில் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. திறந்து, "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லைங்க" என்றார். அந்த ஒரு பேச்சுக்கு முதலில் கடை வாசல் போயிற்று. அப்புறம் ஆளே போய்விட்டார்.

ஆட்டர்விக் என்கிற அந்தச் சிறு ஊரின் கடைவீதி நிலைமையைச் சொன்னால்தான் இது விளங்கும். செருப்புக்கடை மூடி நாளாகிவிட்டது. பாங்க் மூடியாயிற்று. கறிக்கடைக்காரர் காலமானதும் மகன் கத்திகளை விற்றுவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டான். மிச்சமிருந்த உருப்படியான கடை லெஸ்லியின் ஹார்டுவேர் கடை. வியாழக்கிழமை சந்தையில் அதற்கு எதிரே பாலாடைக்கட்டி விற்கிற கெய்னர் கூடாரம் போடுவாள். கெய்னரும் லெஸ்லியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவளை மரியாதையாக 'அவர்' என்று எழுதினால் அவளே கத்தியோடு வருவாள் என்பதால் அப்படி எழுதவில்லை.

மூடின கடைகளை என்ன செய்வது என்று யோசிப்பதற்காகவே நகர மையக் கூட்டாண்மை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதுவும் யோசித்தது. கடையைத் திறக்க வேண்டுமானால் வியாபாரி வேண்டும். வியாபாரிக்கு வாடகை கட்டுப்படியாக வேண்டும். அதற்குக் கட்டடக்காரர் மனசு வைக்க வேண்டும். நடக்கிற காரியமா? ஆனால் மூடின கடையின் கண்ணாடி மேல், திறந்த கடை மாதிரியே ஒரு பெரிய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்தது.

ஒட்டினார்கள். செருப்புக்கடை பேக்கரி ஆயிற்று. பாங்க் பூக்கடை ஆயிற்று. கறிக்கடை மறுபடி கறிக்கடையே ஆயிற்று. படத்தில் இருந்த கறிக்கடைக்காரர் செத்துப்போனவரைவிட நன்றாகவே இருந்தார்.

"கடைன்னு ஒண்ணு இருந்தா லாபம் வரும், நஷ்டம் வரும், ஒருநாள் மூடும். படத்துக்கு அந்தக் கவலையே கிடையாது. நம்ம வீதியிலேயே நிலையான வியாபாரம் இந்தப் படங்கதான்" என்று திறப்பு விழாவில் பேசினார் கூட்டாண்மைத் தலைவர் பெரக்ரின் ஹல்ம். அவர் குடியிருப்பது ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில். சாமான் எல்லாம் வேனில் வாசலுக்கே வந்துவிடும். கடைவீதியை அவரால் பற்றற்று நோக்க முடிந்ததற்கு அதுதான் காரணம்.

வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஓர் அம்மாள், படத்துப் பேக்கரியின் படத்துக் கைப்பிடியைப் பிடித்துத் திருகப் பார்த்து நகத்தை உடைத்துக்கொண்டாள். கூட்டாண்மையின் உயிர்த்துடிப்பு அலுவலர் டாம்சின் ஓடிவந்து, அதை 'மக்கள் ஈடுபாடு' என்ற தலைப்பில் குறித்துக்கொண்டாள்.

ஆனால் அழகான படங்களுக்கு நடுவில் நிஜக்கடை ஒன்று இருந்தால் கண்ணை உறுத்தாதா? லெஸ்லியின் கண்ணாடிக்குள் எலிப்பொறிகள், வாளிகள், கழிவறை அடைப்பெடுக்கிற ரப்பர்க் கிண்ணங்கள், எந்தக் கோடையிலோ செத்த ஒரு குளவி. வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டதில் படக்கடைகளுக்கெல்லாம் மதிப்பெண் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். நிஜக்கடைக்கு நேராக ஒருவர் 'இது இன்னும் முடியவில்லையா?' என்று எழுதியிருந்தார்.

அந்த வசந்தகாலத்தில் 'நாட்டின் மிகத் துடிப்பான சிறுநகர மையம்' என்ற கேடயத்துக்கு நடுவர்கள் வருவதாக இருந்தது. சர்ச் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தேநீரும் பிஸ்கட்டும் சுற்றி வந்தபின் ஹல்ம் எழுந்தார்.

"திரு. ப்ராட்பென்ட் கடையையும் அலங்காரம் பண்ணிடலாம்னு ஒரு யோசனை. நடுவர்கள் வந்துட்டுப் போற வரைக்கும்தான். அவர் படத்தையே போட்டுடலாம், அவருக்கும் பெருமை. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

கூடமே திரும்பி லெஸ்லியைப் பார்த்தது.

நாலு பேர் முன்னால் வம்பு பண்ணாதே என்பது அந்த ஊரில் தாய்ப்பாலோடு ஊட்டுகிற பாடம். லெஸ்லியின் அப்பா ஒரு தடவை, பஸ்ஸில் தன் காலை மிதித்துக்கொண்டு நின்ற அம்மாளிடம் ஒன்றும் சொல்லமாட்டாமல், அந்த அம்மாள் இறங்குகிற ஊர்வரைக்கும் கூடவே போய், அங்கிருந்து நொண்டிக்கொண்டே நடந்து வந்தவர். மகன் அப்பாவுக்கு ஒரு படி மேல். கடையில் ஒரு சாமான் இல்லையென்றால் 'இல்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வராது. "பின்னால இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வரேன்" என்பார். பின்கட்டுக்குப் போய், கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்து, நெஞ்சு படபடப்பு அடங்கும்வரை இருப்பார். அதற்குள் வாடிக்கையாளர் போயிருந்தால் கடவுள் செயல். போகாமல் நின்றிருந்தால், "வியாழக்கிழமை வந்துடும்" என்பார். எந்த வியாழக்கிழமை என்று யாரும் கேட்டதில்லை; அவர்களும் அதே ஊர்தானே.

அப்படிப்பட்ட மனுஷன் எழுந்து நின்று சொன்னார்: "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லைங்க. உங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருந்தா சரி."

ஆட்டர்விக் பாஷையில் இதற்கு, 'ஐயையோ வேண்டாம், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், என் கடையைத் தொடாதீர்கள்' என்று அர்த்தம். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆனால் கூட்டாண்மை என்பது பேச்சை எழுதிக்கொள்கிற நிறுவனம். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக்கொண்டது.

மறுநாள் விஷயம் கேட்ட கெய்னர் கத்தியைப் பாலாடைக்கட்டியில் குத்தி நிறுத்தினாள்.

"யோவ், உனக்கு மூளை இருக்கா? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தாகூடப் பொழைச்சிருப்பியே. எவனோ கழுத்துல கயிறு போட வந்தா, காலர் பட்டனைக் கழட்டிக் குடுத்துட்டு வந்திருக்கே!"

"கொஞ்ச நாளைக்குத்தான்னாங்க, கெய்னர்."

"மூடின பாங்கையும் கொஞ்ச நாளைக்குத்தான்னாங்க."

படம் எடுக்க டாம்சினே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய காமெரா. "சிரிங்க லெஸ்லி! பல்லு தெரியட்டும்!" லெஸ்லி கடைக்குள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் காட்டினார். மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வதாக அவள் சொல்லிவிட்டாள்.

ஒட்டுகிற ஆட்கள் வந்தபோது ஏணி கொண்டுவரவில்லை. அந்த வீதியில் ஏணி கிடைக்கிற ஒரே கடையில் கேட்டார்கள். லெஸ்லி ஏணி கொடுத்தார். ரோலர் கொடுத்தார். காற்றுக்குமிழி குத்த ஊசி கொடுத்தார். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், பிடித்துக்கொண்டார். தேநீர் போட உள்ளே போனவர் திரும்பி வருவதற்குள் கடை இருட்டாகிவிட்டது. கதவுக்கும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள்.

"கதவு தனியா தெரிஞ்சா படம் ரெண்டு துண்டாப் போயிடுது பாருங்க. பின்பக்கமா வந்துக்கங்களேன்" என்று வெளியிலிருந்து கேட்டது டாம்சினின் குரல்.

பின்பக்கம் என்பது குப்பைத்தொட்டிச் சந்து. அதைத் தாண்டினால் ஒரு வீட்டு முற்றம். முற்றத்தில் ஒரு நாய். லெஸ்லி அந்த நாயிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சுற்றி வந்து, தெருவில் நின்று தன் கடையைப் பார்த்தார். படத்துக் கடையில் பித்தளை விளக்குகள் ஜொலித்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் விற்றதில்லை. நடுவில் தோல் ஏப்ரன் கட்டி, ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்காக, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நின்றார் லெஸ்லி ப்ராட்பென்ட். பார்த்ததும் நிஜ லெஸ்லிக்குப் பயம் வந்தது. அந்த ஆளிடம் கடன் கேட்கலாம், பெண் கேட்கலாம், எதையும் கேட்கலாம் போலிருந்தது. தன்னிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். பழக்கதோஷம், தினமும் காலையில் வாசல் கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து திறந்து வைப்பார், யாரும் வர முடியாத கதவுக்கு. வெளியே வந்து நிற்பவர்களின் குரல் மட்டும் கேட்கும்.

"எவ்வளவு நல்லா இருக்கார் பாரேன்."

"அப்போல்லாம் இப்படி இருந்ததே இல்ல."

"இருந்தார், இருந்தார். நாமதான் கவனிக்கல."

'இருந்தார்' என்ற வார்த்தை லெஸ்லியின் முதுகுத்தண்டில் ஈரத்துணிபோல் இறங்கியது.

ஒரு கடைக்காரரின் படத்தை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு சிரித்த முகத்தோடு, கடையை மூடி ஒட்டினால் ஊர் என்ன நினைக்கும்? முதலில் யாரோ டாஃபடில் பூங்கொத்து ஒன்றை, சூப்பர் மார்க்கெட் காகிதம்கூடப் பிரிக்காமல், படத்தின் காலடியில் வைத்தார்கள். பூவைப் பார்த்தவர்களெல்லாம் பூ வைத்தார்கள். ஜாம் பாட்டில்களில் மெழுகுவர்த்தி வந்தது. எதற்கென்று தெரியாமல் ஒரு கரடி பொம்மை வந்தது. 'எங்கள் சமையலறைக் குழாய் உங்களை மறக்காது' என்று ஒரு அட்டை.

சந்தைக் கூடாரத்திலிருந்து கெய்னர் கத்தினாள்: "அந்த ஆளு சாகலைய்யா! உள்ளதான் உட்கார்ந்திருக்கான்!"

கூட்டம் அவளை இரக்கத்தோடு பார்த்தது. "பாவம், ஒரே பெஞ்சுல படிச்சவ. மனசு ஏத்துக்க மாட்டேங்குது" என்று சொல்லி, அவள் துக்கத்துக்காக ஆளுக்குக் கொஞ்சம் பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

லெஸ்லி தானே சொல்லிவிடலாம் என்று துணிந்து, குப்பைத்தொட்டிச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். படத்தின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ஓய்வுபெற்ற டீச்சர் ஆல்த்தியா பிம். திரும்பி அவரை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அவர் தம்பியா?"

அழுகிற அம்மாளிடம் 'நீ அழுவது தப்பு' என்று எப்படிச் சொல்வது? மரியாதையா அது? லெஸ்லியின் வாய் தானாக, "ஆ... ஆமாங்க" என்றது.

"அதே ஜாடை. ஆனா அவர் முகத்துல ஒரு களை இருக்கும். உங்களுக்கு அது வரல, தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்லைங்க, பரவாயில்லைங்க."

"நல்ல மனுஷன். எங்க வீட்டுக் கதவுக் கொக்கி ஒண்ணு சொல்லி வெச்சிருந்தேன். வரவழைச்சிருப்பார், பாவம், அதுக்குள்ள..."

சாயங்காலம் அவள் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்றைத் துக்க வீட்டுக்கென்று கொண்டுவந்து கொடுத்தாள். லெஸ்லி இருட்டுக் கடையில் உட்கார்ந்து தன் சாவுக்கு வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. பாத்திரத்தைக் கழுவி, தம்பி என்ற முறையில் நன்றி எழுதி வைத்துக் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நாள் போனால், நான்தான் லெஸ்லி என்று சொல்லத் தனக்கே தைரியம் இருக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி நம்பிக்கையாக டாம்சினிடம் போனார். படம் எடுத்தவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா?

அவள் அவரைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"நீங்க உயிரோட இருக்கறது எங்களுக்கு நல்லாத் தெரியும் லெஸ்லி. அதுல எங்களுக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல. ஆனா கேடயத்துக்கு 'ஊர் ஒற்றுமை'ன்னு தனியா மதிப்பெண் இருக்கு. நாங்க விழா வெச்சோம், பலூன் விட்டோம், ஒருத்தரும் வரல. நீங்க போனதும் பாருங்க! மொத்த ஊரும் வீதியில நிக்குது!"

"நான் போகலைங்களே."

"சரிதான். ஆனா நடுவர்கள் வர வரைக்கும் கொஞ்சம் போன மாதிரி இருக்க முடியுமா? அதிகம் வெளிய வராம? உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா?"

லெஸ்லியின் உள்ளே யாரோ 'ஐயோ, ஐயோ' என்று கதறினார்கள். வெளியே, "தொந்தரவு எல்லாம் இல்லைங்க" என்றது வாய்.

நடுவர்கள் வந்தது ஒரு வியாழக்கிழமை. குடை பிடித்த ஓர் ஆண், மழைக்கோட்டு போட்ட ஒரு பெண். சந்தை நடுவில் மேடை போட்டிருந்தார்கள். லெஸ்லி தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கெய்னரின் கூடாரத்தோரம் ஒதுங்கி நின்றார்.

ஹல்ம் தொண்டையைச் செருமினார்.

"நம் அன்புக்குரிய லெஸ்லி ப்ராட்பென்ட் இருந்தவரைக்கும் வாஷர் வித்தார், ஆணி வித்தார். போய்ச் சேரும்னு யாரும் எதிர்பார்க்காத இடத்துக்கு இந்த ஊரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் மறைவுதான். ஒரு கடைக்காரர் ஊருக்கு இதைவிட என்ன செய்ய முடியும்? மத்த வியாபாரிகளும் இதை யோசிச்சுப் பார்க்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மௌன அஞ்சலி. தொப்பிகள் கழன்றன. தொப்பியோடு நின்றால் மரியாதையில்லையே என்று லெஸ்லியும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்காகத் தலைகுனிந்து நின்றார்.

"சொல்லித் தொலையேன்யா!" என்று பல்லைக் கடித்தாள் கெய்னர்.

"எல்லாரும் மௌனமா இருக்காங்களே, கெய்னர்."

மௌனம் முடிந்ததும் ஹல்ம் குரலை இன்னும் இறக்கினார். "அவர் நினைவா, இந்தக் கடை இனி என்னைக்கும் இப்படியே, படமாவே இருக்கணும்னு கூட்டாண்மை ஆசைப்படுது. கட்டடம் நகர மன்றத்தோடது, அவங்களுக்குச் சம்மதம். குடும்பத்து சார்புல தம்பி வந்திருக்கார்னு கேள்விப்பட்டேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

என்னைக்கும். லெஸ்லியின் காதில் அந்தச் சொல் மட்டும் நின்றது. உள்ளே எலிப்பொறிகள், வாளிகள், அந்தக் குளவி, தினமும் காலையில் அவர் திறந்து வைக்கிற தாழ்ப்பாள். இதோ இப்போது வாயை மூடிக்கொண்டால், அவ்வளவுதான். செத்தது செத்ததுதான். பயமென்றால் அப்படி ஒரு பயம் அவர் பட்டதில்லை. ஒரு பக்கம் செத்துப்போகிற பயம், இன்னொரு பக்கம் வம்பு பண்ணுகிற பயம், அதுவும் நடுவர்கள் முன்னால்.

"மன்னிச்சுக்கங்க" என்றது ஒரு கீச்சுக்குரல். அது தன்னுடையது என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது. "சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க. எனக்கு... கொஞ்சம்... ஆட்சேபணை இருக்குங்க."

சந்தையில் யாரோ கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே போட்டார்கள்.

"நீங்க யாரு?" என்றார் ஹல்ம்.

"நான்தாங்க லெஸ்லி. நான் சாகலைங்க. அதுக்கும் மன்னிச்சுக்கங்க."

கூட்டம் படத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது.

"இவர் தம்பின்னு என்கிட்ட அவரே சொன்னாரே" என்றாள் ஆல்த்தியா பிம்.

"லெஸ்லின்னா சிரிச்ச முகமா இருப்பார். இந்தாளு மூஞ்சியப் பாரு."

"சொந்த அண்ணன் செத்த வீட்டுலயா இப்படி ஆள்மாறாட்டம் பண்றது?"

"டேய் லெஸ்லி, சிரிச்சுக் காட்டித் தொலைடா!" என்று அலறினாள் கெய்னர். அவர் சிரிக்கப் பார்த்தார். பயத்தில் மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

ஹல்ம் நடுவர்களிடம் குனிந்து, துக்கம் சிலரை இப்படித்தான் ஆக்கும் என்றார். கூட்டம் மெல்ல நெருங்கி வந்தது. ஆட்டர்விக் கூட்டம் அடிக்காதுதான். ஆனால் ஒருவரை அது இனிமேல் பார்க்காமலே இருந்துவிடும். லெஸ்லிக்கு அதைவிட அடியே தேவலை.

ஆல்த்தியா பிம் ஓரடி முன்னால் வந்தாள். பழைய டீச்சர் குரல் திரும்பியிருந்தது. "நீங்க லெஸ்லியா இருந்தா, நான் சொல்லி வெச்ச கதவுக் கொக்கி எங்க?"

லெஸ்லி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்காது.

"பின்னால இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வரேங்க" என்றார். அப்படியே திரும்பி, வாழ்நாளெல்லாம் நடந்த நடையில் விடுவிடுவென்று தன் கடைக்கு நடந்து, கரடி பொம்மையைத் தாண்டி, படத்து லெஸ்லியின் வயிற்றில் போய் முட்டினார்.

பர்ரென்று கிழிந்தது. உள்ளே தாழ்ப்பாள் திறந்திருந்த கதவு வழக்கம்போல் உள்பக்கமாகத் திறந்தது. கதவின் மேலே கட்டியிருந்த மணி, அத்தனை நாளுக்குப் பிறகு, டிங் என்றது.

அந்த மணி அந்த ஊருக்குத் தெரிந்த மணி. உள்ளே வாளி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. யாரும் நகரவும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாரே, காத்திருக்க வேண்டாமா? மழை தூறியது. அதிலும் நின்றார்கள். கடைசியில் கிழிசல் வழியாக லெஸ்லியின் வெளிறிய முகம் எட்டிப் பார்த்தது.

"வியாழக்கிழமை வந்துடுங்க" என்றார்.

"இன்னிக்கே வியாழக்கிழமைதான்யா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அவரேதான்!" என்று வீறிட்டாள் ஆல்த்தியா பிம். "கடவுளே, சத்தியமா அவரேதான்!"

அழுதார்கள், சிரித்தார்கள். முன்பின் தெரியாதவர்களைக் கட்டிக்கொண்டார்கள். கெய்னர் ஏப்ரனால் மூக்கைச் சிந்திக்கொண்டே, பாலாடைக்கட்டி நறுக்குகிற பலகையால் லெஸ்லியின் முதுகில் ஒன்று போட்டாள். மழைக்கோட்டு நடுவர் கண்ணைத் துடைத்தபடி, துடிப்புக்கும் ஒற்றுமைக்கும் முழு மதிப்பெண் போட்டார். குடை நடுவர், இவ்வளவு நேர்த்தியான நிகழ்ச்சியை வேறெந்த ஊரிலும் தான் பார்த்ததில்லை என்றார். கேடயம் ஆட்டர்விக்குக்கே வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். கூட்டாண்மை என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த கூட்டத்தில் கேடயத்தைப் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஹல்ம் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே பேசினார்.

"கேடயத்தை வருஷா வருஷம் தக்க வெச்சுக்கணும். மக்களுக்கு எது பிடிக்குதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. வர்ற வருஷத்துக்கு பாலாடைக்கட்டிக் கடை கெய்னரை நினைச்சிருக்கோம். நல்ல சிவந்த முகம், படத்துக்கு எடுப்பா இருக்கும். இப்பவே கூடாரத்தைச் சுத்தித் தட்டி கட்டி ஒட்டிடலாம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

கெய்னர் அங்கே இல்லை. சுவர் இல்லாத கடைக்காரர்களுக்குக் கூட்டாண்மையில் இடம் கிடையாது. எல்லோரும் தேநீரைக் கலக்கினார்கள். லெஸ்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு இருக்குங்க" என்றார். இந்தத் தடவை 'கொஞ்சம்' சொல்லவில்லை.

ஹல்ம் அவரை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்தார்.

"உங்க உணர்ச்சியை மதிக்கிறோம், லெஸ்லி. ஆனா உங்களுக்காக முறைப்படி மௌன அஞ்சலி செலுத்தி, நடவடிக்கைக் குறிப்புல ஏத்தியாச்சு. ஏத்தினதை எடுக்க விதி இல்ல. கூட்டாண்மையைப் பொறுத்தவரைக்கும் நீங்க..." என்று கையை மெல்ல மேலே காட்டினார். "உயிரோட இருக்கற யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

லெஸ்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மழையில் நின்று அவரைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஆல்த்தியா பிம் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை.

சந்தையன்று காலையில் லெஸ்லி விஷயத்தைச் சொன்னதும் கெய்னர் சிரித்தாள். "என்னையா? வரட்டும் பார்க்கலாம், கத்தி எதுக்கு வெச்சிருக்கேன்?" பிறகு தன் கூடாரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "அவங்க சொன்னா இந்த ஊரு நம்பிடும், இல்ல லெஸ்?" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி அவர் கேட்டதே இல்லை.

அவர் பதில் சொல்வதற்குள் எதிரே அவர் கடை மணி அடித்தது. வீதியைத் தாண்டி ஓடினார். டாம்சின் உள்ளே நின்றுகொண்டிருந்தாள், பின்னால் ஒட்டுகிற ஆட்கள், அவர்கள் தோளில் சுருட்டிய தட்டிகள். ஒரு சுருளின் ஓரத்தில், அவளுக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்த படத்தில், கெய்னரின் சிவந்த கன்னமும் பாதிச் சிரிப்பும் தெரிந்தன.

"லெஸ்லி, ஏணி இருக்குமா? அப்புறம் அந்த ரோலர்? வேற எங்க கேக்கறதுன்னு தெரியல, வீதியில மத்ததெல்லாம் படம்."

லெஸ்லியின் வாய் தன் பழைய வேலையைச் செய்யத் தயாராகத் திறந்தது. 'இல்லை' என்று ஒரு சொல், அது மட்டும் அப்போதும் வரவில்லை.

"பின்னால இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வரேங்க" என்றார்.

பின்கட்டில் ஏணி சுவரில்தான் சாய்ந்திருந்தது. ரோலர் அதன் படியில்தான் தொங்கியது. லெஸ்லி இரண்டுக்கும் பக்கத்தில் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முன்பக்கத்தில் டாம்சின் இருமினாள். ஒருவன் கடிகாரத்தைப் பார்த்தான்போலும், "போயிடலாமா?" என்று கிசுகிசுத்தான். "சே, பார்த்துட்டு வரேன்னு போயிருக்கார், மரியாதையா இருக்காது" என்றாள் அவள்.

வெளியே கெய்னர் யாரிடமோ எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டு, பாலாடைக்கட்டி அறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். லெஸ்லி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர்கள் அங்கேயே நின்றார்கள்.